வாங்கைத் திருப்பிப் போட்டால் மாணவர் மையக் கல்வியா?

கேட்டவர் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அண்மையில் நியமனம் பெற்ற கணித ஆசிரியை. அவருடைய கேள்வியின் சுருக்கம் இது: “கல்வியியற் கல்லூரியில் டூயி, பியாஜே, விகொட்ஸ்கி என்ற கல்விச் சிந்தனையாளர்களை எல்லாம் படித்தோம். மாணவர் மையக் கல்விதான் சரி என்று மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதினோம். இங்கே தரம் 8இல் பாதிப் பேருக்குக் கழித்தல் தடுமாறுது. குழுச்செயற்பாடு கொடுத்தால் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரும்பலகையில் விளங்கப்படுத்தினால், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் அது ஆசிரியர் மையம் என்கிறார்கள். பெற்றோர் கடந்தகால வினாத்தாள் செய்வித்தால் போதும் என்கிறார்கள். இந்தத் தத்துவங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவருமா?”

சரிவரும் தங்கச்சி. ஆனால் கல்லூரியில் உங்களுக்குக் காட்டிய உருவத்தில் சரிவராது. அந்த உருவத்தில் அது வசதியான நகரப் பாடசாலைகளிலும் பெரிதாகச் சரிவந்ததில்லை, ஆகவே வன்னி என்பதற்காக நீங்கள் மனம் தளரத் தேவையில்லை. கிளிநொச்சிப் பக்கம் பல காலம் கணிதம் படிப்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியவன் என்ற அளவில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஒரு வகுப்பு மாணவர் மையமானதா என்று அறிய, வாங்கு எப்படிப் போட்டிருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. யார் கூடுதலாகக் கதைக்கிறார் என்றும் எண்ணுவதில்லை. ஆசிரியர் அடுத்ததாகச் செய்யப்போவதை எது தீர்மானிக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். ஆசிரியர் வழிகாட்டியின் அடுத்த பக்கமா, பிள்ளையின் கொப்பியில் இப்போது கிடக்கும் விடையா? கொப்பிதான் தீர்மானிக்கிறது என்றால், அந்த ஆசிரியர் பாடவேளை முழுவதும் சோக்கும் கையுமாக நின்றாலும் எனக்கு அது மாணவர் மையம்தான்.

உங்கள் கழித்தலையே எடுப்போம். 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் கணிசமான பிள்ளைகள் 375 என்று எழுதுவார்கள். நாங்கள் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, “கவனமில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அந்த விடையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கவனமில்லாத பிள்ளை எழுதுகிற விடையா அது? ஐந்தில் இரண்டு போக மூன்று. ஏழில் சைபர் போக ஏழு. எட்டில் மூன்று போக ஐந்து. பிள்ளை ஒரு விதியை நேர்மையாக, ஒவ்வொரு நிரலிலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. “எப்பிடிச் செய்தனி எண்டு சொல்லு பாப்பம்” என்று கேட்டால், “பெரிசிலயிருந்துதானே சேர் சின்னதைக் கழிக்கலாம்? மூண்டில எட்டுப் போகாது, அதுதான் எட்டில மூண்டைக் கழிச்சனான்” என்று வரும். அந்த விதியை அதுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? தரம் 1இலோ 2இலோ நாங்கள்தான். சின்ன எண்களோடு விளையாடிய நாளில் அது உண்மையாகவே இருந்தது. இடப்பெறுமானம் வந்த பிறகு அது பொய்த்துப்போனதை யாரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

அதே பிள்ளையிடம், “உன்னட்ட 503 ரூபா இருக்கு, கடையில 278 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு?” என்று கேளுங்கள். 278க்கு 22 போட்டால் 300, அங்கிருந்து இன்னும் 203, எல்லாமாக 225 என்று பெரும்பாலும் வாயாலேயே சொல்லிவிடும். இது நம்மூர்ப் புதினம் அல்ல. பிறேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1985இல் வெளிவந்தது. ஐந்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் உலகமெங்கும் கணித ஆசிரியர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை கேட்டபோது அவர்கள் சொன்ன விடைகளில் 98 வீதம் சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 வீதம்தான் சரி. எங்கள் பிள்ளைகளைக் கணக்கு வராதவர்கள் என்று முத்திரை குத்துமுன் இதை ஒருக்கால் நினைக்க வேண்டும்.

சரி, அந்த 375ஐக் கண்ட ஆசிரியர் என்ன செய்யலாம்? கடைக்கணக்கில் பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ள கெட்டித்தனத்தில் தொடங்கி, நூறு ரூபாத் தாளைப் பத்துப் பத்தாக மாற்றுவதைக் காட்டி, அதையே நிரலில் எழுதுவது எப்படி என்று நேரடியாகச் சொல்லிக் கொடுக்கலாம். விகொட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயம் என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்தது இதைத்தான்: தனியே இப்போது முடிகிற இடத்துக்கும், ஒருவர் துணை நின்றால் முடிகிற இடத்துக்கும் இடையிலான தூரம். அந்தத் தூரத்தை அறியாமல் கொடுக்கிற எந்தச் செயற்பாடும், எத்தனை வண்ணத்தில் இருந்தாலும், வெறும் பொழுதுபோக்கு.

குழுச்செயற்பாட்டுக்கு வருகிறேன். 2007இல் இலங்கையில் தரம் 6க்கும் 10க்கும், பிள்ளை என்ன செய்ய வல்லதாகிறது என்பதை முன்வைக்கும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது, அதோடு 5ஈ என்ற ஐந்து படிக் கற்பித்தல் மாதிரியும் வந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கமளித்தல், விரிவாக்கல், மதிப்பிடல். இது அமெரிக்காவில் 1980களில் விஞ்ஞானப் பாடத்துக்கென்று உருவானது. இங்கே அதை எல்லாப் பாடத்துக்கும், எல்லா நாளைக்கும் உடுத்திவிட்டோம். டிமை தாள் என்ற பெரிய தாள் வாங்கினோம், மாக்கர் வாங்கினோம், நாலு குழுவாகப் பிரித்தோம். அளிக்கை செய்ய ஒவ்வொரு குழுவிலும் வாய்த்துடுக்கான ஒரு பிள்ளை எழும்பியது. மணி அடித்தது. நான் பார்த்த வகுப்புகளில் பலதில் நடந்தது இதுதான். நீங்கள் சொல்கிற ‘ஒருவர் எழுத மற்றவர்கள் பார்ப்பது’ உங்கள் குறை அல்ல, ஆறு பேருக்கு ஒரு மாக்கர் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இதற்கெல்லாம் டூயியைக் குற்றம் சொல்வது அநியாயம். 1896இல் சிக்காகோவில் அவர் தொடங்கிய ஆய்வுகூடப் பாடசாலையில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சுவேலை செய்தார்கள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சமையலிலிருந்து இரசாயனத்துக்கும், நெசவிலிருந்து வரலாற்றுக்கும் பிள்ளையைக் கொண்டுபோகத் தெரிந்த, பாடத்தில் ஊறிய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளைச் சும்மா விட்டுவைத்த பாடசாலைகளைக் கண்டித்து 1938இல் அவரே ஒரு சிறு நூல் எழுதினார். எல்லா அனுபவமும் கல்வி ஆகாது என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு எண்பது வயதை எட்டுகிற காலம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2006இல் கிர்ஷ்னர், சுவெலர், கிளார்க் என்ற மூவர், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் ஏன் தோற்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். புதிதாகப் படிக்கிறவரின் வேலை நினைவகம், அதாவது ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய அளவு, மிகச் சிறியது, அதில் தானாகக் கண்டுபிடி என்று பாரத்தை ஏற்றினால் எதுவும் தங்காது, செய்து காட்டிய உதாரணங்களே தொடக்கத்தில் அதிக பயன் தரும் என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்புகளும் வந்தன. ஆனால் கழித்தல் தெரியாத பிள்ளையிடம் அட்சரகணிதத்தைக் ‘கண்டறி’ என்று விடுவது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே கரும்பலகையில் விளங்கப்படுத்துங்கள். அதைக் குற்ற உணர்ச்சியோடு செய்யாதீர்கள். பத்து நிமிடம் தெளிவாகச் செய்து காட்டி, பிறகு பிள்ளையின் கைக்குக் கொடுங்கள்.

பிள்ளையின் கைக்குக் கொடுப்பதற்கு வெளிநாட்டுக்கே போகத் தேவையில்லை. நன்னூல் பொதுப்பாயிரத்தைத் தமிழ் ஆசிரியர்கள் ஒப்புவிப்பார்கள், ஆனால் வகுப்பில் அதை யாரும் செய்ததாகக் காணோம். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் மாணவனுக்கு வரும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைவாசி, தான் இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லும்போது வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தி போட்ட கணக்கு இது. இதைக் கையாள ஆறு பேர் குழு வேண்டாம், டிமை தாள் வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவருக்கு, “இந்த அடியிலிருந்து அடுத்த அடி எப்பிடி வந்தது எண்டு சொல்லு” என்று மூன்று நிமிடம் விட்டால் போதும். இரண்டு பேர் என்றால் ஒளிக்க இடமில்லை. ஆசிரியர் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்பதற்கும் அதே நூலில் ஒரு சூத்திரம் உண்டு. ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ (படிக்கிறவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து) என்று அதில் வருகிற அடியைத்தான் நாங்கள் இப்போது மாணவர் மையம் என்று பெரிய பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளூர்ச் சூழலை எப்படிப் பாடத்துக்குள் கொண்டுவருவது என்று பலரும் கேட்பதுண்டு. நான் விரும்பிப் படிப்பித்த பாடம் ஒன்றைச் சொல்கிறேன். கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தின் முழு நீர்மட்டம் 36 அடி. மாரியில் குளத்தில் இத்தனை அடி தண்ணீர் என்ற செய்தி ஊர் முழுக்க அடிபடும், வான்கதவு திறக்கிறார்களாம் என்றால் பார்க்கச் சனம் போகும். வகுப்பில் ஒரு கேள்வி: குளத்தில் 18 அடி நின்றால் பாதிக் குளம் நிறைந்ததா? முக்கால்வாசிப் பிள்ளைகள் “ஓம்” என்பார்கள். ஒருமுறை பின்வாங்கிலிருந்து, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெடியன், “இல்லை சேர், கீழ் அடியில தண்ணி கொஞ்சந்தான், மேல் அடிதான் கனக்க எண்டு அப்பப்பா சொல்லுறவர்” என்றான். முழுக்கச் சரி. குளம் கீழே ஒடுங்கி மேலே விரிந்து கிடக்கிறது. முப்பதாவது அடிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு அடியிலும், பத்தாவது அடியில் உள்ளதைவிடப் பல மடங்கு தண்ணீர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிற விவசாயிகள் இதை மனதுக்குள் வைத்துத்தான் கதைக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் பங்கு பிரிப்பதும் பின்னக்கணக்குத்தான்.

ஆனால் அந்தப் பெடியனின் விடையோடு பாடத்தை முடித்து, கைதட்டி விட்டிருந்தால் அவனுக்குப் புதிதாக எதுவும் கிடைத்திராது. அவன் ஏற்கெனவே வைத்திருந்ததை நாங்கள் மெச்சியிருப்போம், அவ்வளவுதான். அங்கிருந்து வரைபுக்குப் போக வேண்டும். உயரத்தைக் கிடை அச்சிலும் கொள்ளளவை நிலைக்குத்து அச்சிலும் போட்டால் கோடு ஏன் நேராக வராமல் மேல்நோக்கி வளைகிறது? சாய்வு கூடுவது என்றால் என்ன? இது தானாக எந்தப் பிள்ளைக்கும் வராது. நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பப்பாவின் அறிவு வாசல், வரைபின் சாய்வு உள்வீடு. வாசலில் நின்று புகைப்படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற ‘சூழல்சார் கல்வி’ கனக்கப் பார்த்துவிட்டேன்.

இந்த இடத்தில் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்குக் கல்வித் தத்துவம் விளங்காது என்று ஆசிரியர் அறையில் பேசுவது எனக்குப் பிடிக்காது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. அந்தந்த ஊர்த் தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவந்து, நெல்லும் மீனும் மண்பாண்டமும் படிப்பிப்பது. தாளில் பார்த்தால் டூயியே எழும்பிக் கைகொடுத்திருப்பார். 1977இல் ஆட்சி மாறியதும் அது போய்விட்டது, ஆனால் அதற்கு முன்னரே சனத்தின் மனதில் அது தோற்றுவிட்டிருந்தது. “வயலுக்குப் போறதுக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பிள்ளையின் சூழலுக்கு ஏற்ற கல்வி என்ற நல்ல வார்த்தை, பிள்ளையை அந்தச் சூழலுக்குள்ளேயே கட்டிப்போடுகிற கயிறாகவும் ஆகலாம். நகரத்துப் பிள்ளைக்குப் பௌதிகம், வன்னிப் பிள்ளைக்கு வீட்டுத்தோட்டம் என்றால் அதை எந்தத் தாய் ஏற்பாள்? உங்கள் பெற்றோர் கடந்தகால வினாத்தாள் கேட்பதன் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதத்தில் கோட்டை விட்டால் பிறகு பல கதவுகள் சாத்திவிடும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் வினாத்தாளை எதிரியாகப் பார்க்காதீர்கள். முழுத்தாளையும் ஓட்டமாகச் செய்வித்துப் புள்ளி போடுவதற்குப் பதிலாக, ஒரே ஒரு வினாவை எடுத்து, எந்த அடியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெற்றோர் கொப்பியைத் திறந்தால் வினாத்தாள் கணக்கு இருக்கும், அவர்களுக்கும் நிம்மதி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இங்கே தொடங்கவில்லை. தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. விளையாட்டும் செயற்பாடும் மேசை வேலையும் கலந்து 1999இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தை, அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்குப் பயந்து நாங்களே மெல்ல மெல்லத் தின்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

பாதி வகுப்புக்குக் கழித்தல் தெரியாது என்றீர்களே, அதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 2009இல் போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் தறப்பாளுக்குக் கீழும் மரத்துக்குக் கீழும் வகுப்பெடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வருடப் படிப்பு விடுபட்ட பிள்ளையும் விடுபடாத பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். வயதுக்குத் தரம் என்பது பதிவேட்டில் மட்டும்தான். அப்போது கெட்டிக்கார ஆசிரியர்கள் செய்தது, தரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எழுத்து அறிந்தவர், சொல் வாசிக்கிறவர், பந்தி வாசிக்கிறவர் என்று பிரித்துப் படிப்பித்தது. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தது. நாளில் ஒரு குறித்த நேரத்துக்குப் பிள்ளைகளை வகுப்பின்படி விடாமல் மட்டத்தின்படி குழுவாக்குவது. 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற பானர்ஜி, டுஃப்லோ போன்றோர் அதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள், பலன் இருப்பதைக் கண்டார்கள். கல்வியில் இப்படித் துணிந்து சொல்லக்கூடிய விடயங்கள் மிகக் குறைவு. உங்கள் பாடசாலை சின்னதென்றால் இது இன்னும் இலகு. பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல் என்று நேரசூசியில் பெயருக்குக் கிடக்கிற பாடவேளையை அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். தரம் 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அது விழுந்தால் மட்டப்படி பிரிக்கலாம். மற்ற இரு ஆசிரியர்களும் ஒத்துவர வேண்டும், அதற்குக் கொஞ்சம் தேநீர் செலவாகும்.

நாளாந்தம் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, கொப்பியின் கிழிந்த அரைத்தாளில் செய்து தரச் சொல்லுங்கள். புள்ளி போடாதீர்கள். பெயரையும் சத்தமாக வாசிக்காதீர்கள். ஆசிரியர் அறையில் மேசையில் மூன்றாகப் பிரியுங்கள்: சரியாகச் செய்தவை, ஒரே விதமாகப் பிழைத்தவை, ஒன்றும் எழுதாதவை. நடுவில் உள்ள குவியல்தான் நாளைய பாடம். ஒன்றும் எழுதாதவர்களோடு இடைவேளையில் வாயால் கதைக்க வேண்டும், தாளில் அவர்கள் ஒருபோதும் பிடிபட மாட்டார்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பாடக்குறிப்பை அழகாக எழுதச் செலவிடுகிற நேரத்தைவிடக் குறைவு.

இது நடக்க வேண்டுமென்றால் பிள்ளை தன் பிழையை உங்களிடம் காட்ட வேண்டும். அடிக்குப் பயந்த பிள்ளை காட்டாது, பக்கத்தில் பார்த்து எழுதும். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. பிரம்பு இன்னும் சில அலுமாரிகளில் இருக்கிறது. மனித உரிமையை ஒருபக்கம் வைத்துவிட்டு வெறும் கணித ஆசிரியராகப் பார்த்தாலும், பிரம்புள்ள வகுப்பில் உங்களுக்குக் கிடைக்கிற தகவல் எல்லாம் பொய்த் தகவல். 375 என்று எழுத வேண்டிய பிள்ளை முன்வாங்கைப் பார்த்து 225 என்று எழுதிவிடும், நீங்களும் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவீர்கள். நக்கலும் அதே வேலையைத்தான் செய்யும். பெண்பிள்ளைகளிடம் பிரம்பைவிட நக்கல்தான் கூடச் சுடும்.

கடைசியாக, மேற்பார்வைக்கு வருகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். பாடக்குறிப்பில் 5ஈயின் ஐந்து படியையும் எழுதுங்கள், எழுதுவதால் கேடில்லை. அதன் கீழே தினமும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று எத்தனை பேர் எந்த அடியில் நின்றார்கள், நாளைக்கு அதற்காக என்ன மாற்றுகிறேன். அந்த அரைத்தாள்களையும் ஒரு கோவையில் குத்தி வையுங்கள். ‘ஏன் கரும்பலகையில் இவ்வளவு நேரம் நின்றீர்கள்?’ என்று கேட்டால் வாயால் விவாதிக்காமல் கோவையை நீட்டுங்கள். நான் அந்த வேலையில் இருந்தபோது அப்படி ஒரு கோவையை யாராவது நீட்டியிருந்தால், சரிபார்ப்புப் பட்டியலில் புள்ளடி போடுவதை விட்டுவிட்டு அந்த மேசையிலேயே இருந்து தாள்களைப் புரட்டியிருப்பேன். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சிலர் டிமை தாள் எங்கே என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்காகச் சுவரில் ஒன்றை ஒட்டி வைத்தால் முடிந்தது, குளத்து நீர்மட்ட வரைபாகவே இருக்கட்டும்.